பாலத்துக் கேட்டில் கேட்ட கேள்வி

ஹார்ப்பர் ஊரை வெளியாட்களுக்கு நடத்திக் காட்டும் வேலையை நாங்கள் மூன்று பேர் ஆறு வருஷமாகச் செய்துவந்தோம். என் பெயர் எலையஸ் காஸெல். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவன். எந்த முனையில் நின்று என்ன சொல்வது என்று எழுதிக் கொடுத்தவன் நான். அதை வாயால் சொல்லி, ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடந்தவர்கள் யூனிஸும் வில்மட்டும்.

நடை கலங்கரை விளக்கத்தடியில் ஆரம்பித்து, மேட்டுத்தெருவில் ஏறி, காயலை ஒட்டி இறங்கி, பாலத்தில் போய் முடியும். இரண்டரை மணி நேரம். மேட்டுத்தெரு முழுக்க, அமெரிக்காவில் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டு அந்தக் காலத்தில் கப்பலேறித் திரும்பி வந்தவர்கள் கட்டிய பெரிய வீடுகள். தூண்கள் நிற்கின்றன, கூரைகள் போய்விட்டன. உள்நாட்டுச் சண்டை ஓய்ந்த பிறகு, ஆட்களுக்குப் பதிலாக மரங்கள் குடியேறின. மூன்றாவது நிறுத்தம் என் தாத்தாவின் வீடு.

"இந்த வீட்டுக்காரரோட பேரன் இன்னும் உயிரோட இருக்காரு. அதோ, வேர்வை துடைச்சுக்கிட்டு நிக்கிறாரு பாருங்க, அவர்தான். வாடகை கேட்டா குடுத்துராதீங்க, கூரையே இல்ல" என்று வில்மட் என்னைக் கைகாட்டுவான். வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

வில்மட்டுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. மீன்பிடிக் குப்பத்துப் பக்கத்துப் பையன். அவனுடைய காது அபூர்வமானது. ஒரு ஆள் இரண்டு வாக்கியம் பேசினால் போதும், எந்த மாவட்டம், எந்த ஆற்றங்கரை என்று சொல்லிவிடுவான். "நீங்க பேசுறது தலைநகரப் பேச்சு. ஆனா உங்கம்மா வடக்க, மலைப்பக்கம். சரியா?" என்பான். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளைக்கூட, பெற்றவர்கள் எந்த ஊர் என்று கண்டுபிடித்துவிடுவான். அவர்கள் கைதட்டி ஆர்ப்பரிப்பார்கள். அந்த வித்தையை ஐந்தாவது நிறுத்தத்தில் வைக்கச் சொன்னவன் நான்தான். வெயிலில் நடந்து சோர்ந்தவர்களுக்கு அது நல்ல மருந்தாக இருந்தது.

யூனிஸ் அப்படியில்லை. நாற்பத்தைந்து வயது, நிதானமான குரல். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சோறு பொங்கிப் போட்டுக்கொண்டிருந்தவள். பாலத்தடியில் நின்று அவள் சொன்னது சரித்திரப் புத்தகத்தில் வராத கதை, அவளுடைய சொந்தக் கதை.

கடைசிச் சண்டையின்போது பாலத்தின் இந்த முனையில் துப்பாக்கிக்காரர்கள் ஒரு கேட் போட்டிருந்தார்கள். இரண்டு எண்ணெய்ப் பீப்பாய், நடுவில் ஒரு கயிறு. ஊரைவிட்டு ஓடியவர்கள் எல்லோரும் அந்தக் கயிற்றைத் தாண்டித்தான் போக வேண்டும். யூனிஸின் புருஷன் தார்லி கடலோரத்து ஆள் இல்லை, உள்காட்டு மாவட்டத்துக்காரன்; மரம் அறுக்கும் வேலைக்கு வந்து, இவளைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டவன். அந்த மாவட்டத்து ஆட்களைத்தான் அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். யூனிஸ் அப்போது ஏழு மாசக் கர்ப்பிணி. முடியில் மரத்தூளோடு அவளுக்கு அரிசி தேடிப்போன தார்லி, கேட்டைத் தாண்டி வரவில்லை. வரிசையில் பின்னால் நின்ற ஒரு மீன்காரி, அவனைத் தனியே கூட்டிப்போனதைப் பார்த்திருக்கிறாள். அவ்வளவுதான் யூனிஸுக்குத் தெரியும். அதைத்தான் சொல்வாள். ஐந்து நிமிஷம்கூட ஆகாது. சொல்லும்போது அழமாட்டாள். கேட்பவர்கள் அழுவார்கள்.

அவள் சொல்லும் நேரத்தில் வில்மட் தண்ணீர் பாட்டில் வாங்கிவர எதிர்க்கடைக்குப் போய்விடுவான். எத்தனை தடவை கேட்பது, பாவம், என்று நான் நினைத்துக்கொள்வேன்.

மற்ற நாட்களில் அவர்கள் அக்காள் தம்பி போலத்தான். அவன் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். காற்றில் அவள் வீட்டுத் தகரம் பறந்தபோது, அவள் கூப்பிடும் முன்பே கூரையில் ஏறியவன் அவன். அவள் மகள் நியோனோ தாதிப் படிப்புக்குத் தலைநகர் மன்ரோவியாவுக்குப் போனபோது, மழைச் சேற்றில் மோட்டார் சைக்கிளில் ப்ளீபோ வரை கொண்டுபோய் லாரியில் ஏற்றிவிட்டு வந்தவனும் அவன்தான்.

"உனக்கு ஒரு பொண்ணைப் பாத்துக் கட்டி வைக்கணும்டா" என்பாள் யூனிஸ்.

"எனக்கு யாருக்கா குடுப்பா? சம்பாத்தியத்தைப் பாத்தா ஓடிப்போயிருவா."

"சம்பாத்தியத்தை விடு. உன் வாயைப் பாத்தே ஓடிருவா."

இப்படித்தான் இருந்தோம்.

போன வருஷம் ஏப்ரலில் யூனிஸுக்கு மலேரியா வந்து எட்டு நாள் படுத்துவிட்டாள். அந்த வாரம் அமெரிக்காவிலிருந்து பதினோரு பேர் வருவதாக ஏற்பாடு. எனக்கு முழங்கால் வலி, வீட்டில் இருந்தேன். வில்மட் ஒருவனே அவர்களை அழைத்துக்கொண்டு போனான். பாலத்தில் யூனிஸின் பங்கையும் அவனே சொன்னான் என்று பிறகு தெரிந்தது.

வந்தவர்கள் போகும்போது எழுதிவிட்டுப் போக எங்களிடம் ஒரு நோட்டு உண்டு. பாதி பேர் "அருமை" என்று எழுதுவார்கள், மீதிப் பேர் வெயிலைப் பற்றி. யூனிஸ் தேறி, கன்னம் ஒட்டிப்போய் முதல் நாள் நாங்கள் கூடும் அறைக்கு வந்தபோது நான் அந்த நோட்டைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்துச் சொன்னேன்:

"நீ இல்லாமலும் உன் கதையை வில்மட் நல்லாத்தான் சொல்லியிருக்கான். ஆனா அந்தக் கடைசி வார்த்தையை நீ எங்ககிட்ட சொன்னதே இல்லியே யூனிஸ்."

"எந்த வார்த்தை?"

நோட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். பிலடெல்பியாக்காரி ஒருத்தி நீல மையில் எழுதியிருந்தாள். "'நான் சாப்பிடவில்லை. அவளுக்கு மட்டும்தான் இருந்தது.' சாவதற்கு முன் அந்த மனிதர் சொன்ன இந்த வார்த்தையை நான் மறக்க மாட்டேன்."

யூனிஸ் எழுத்துக்கூட்டிப் படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு விரலை அந்த வரியின் மேலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"அன்னிக்குக் காலைல வீட்டுல ஒரே ஒரு மரவள்ளிக் கிழங்குதான் இருந்துச்சு வாத்தியாரே. நீங்க தின்னீங்களான்னு கேட்டேன். நான் மரக்கடைல கூட்டாளிங்களோட தின்னுட்டேன், நீ தின்னுன்னாரு. நான் முழுசையும் தின்னேன். இருபத்தோரு வருஷமா அவரு தின்னுட்டுத்தான் போனாருன்னு நினைச்சிட்டு இருக்கேன்."

எனக்கு அப்போதும் புரியவில்லை. வில்மட் கதைக்கு அழகு சேர்க்கத் தானாகவே கட்டிச் சொல்லியிருப்பான் என்று சொன்னேன். அவனுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

"கட்டிச் சொன்னா எப்படி வாத்தியாரே இது வரும்? அந்தக் கிழங்கு எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும்." நோட்டை மூடினாள். "அவரு யார்கிட்ட இதைச் சொன்னாரோ, அவங்களுக்கும் தெரியும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் வில்மட்டைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். வியாழக்கிழமை ஆறு பேர் வருகிறார்கள் அல்லவா, அன்றைக்குப் பார்த்துக்கொள்கிறேன், நீங்களும் முழங்காலைப் பார்க்காமல் வாருங்கள் என்றாள்.

வியாழக்கிழமை வந்தவர்கள் தலைநகரத்தில் வேலை பார்க்கும் ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்துக்காரர்கள். யூனிஸ் எப்போதும் போல நடந்தாள், எப்போதும் போலச் சொன்னாள். என் தாத்தா வீட்டில் வில்மட் வாடகைச் சிரிப்பைப் போட்டான். ஐந்தாவது நிறுத்தத்தில் காது வித்தை நடந்தது. சிவப்புத் தொப்பி வைத்த ஒருவரை, "ஐயா, நீங்க எல்லை தாண்டி, ஆத்துக்கு அந்தப் பக்கம்" என்றான். சரி என்று அவர் கைதட்டினார். நான் யூனிஸின் முகத்தைப் பார்த்தேன். அவள் வில்மட்டின் காதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் காது எங்கே பழகியது என்று அந்த நிமிஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் புரிந்துகொண்டோம்.

பாலம் வந்தது. வில்மட் தண்ணீர் வாங்கக் கிளம்பினான்.

"தம்பி, நில்லு. இந்த இடத்தை இன்னிக்கு நீயே சொல்லு. எனக்கு இன்னும் உடம்பு சரியாகல" என்றாள் யூனிஸ்.

அவன் திரும்பினான். அவள் முகத்தைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். மறுத்திருக்கலாம், ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம். அவன் கையிலிருந்த காலி பாட்டிலைத் தரையில் வைத்துவிட்டு வந்து, பீப்பாய்கள் இருந்த இடத்தில் நின்றான்.

"இங்கதான் கேட்" என்று ஆரம்பித்தான். "கேட்டுல இருந்தவங்க வெளியூர்ப் படை. அவங்களுக்குக் கடலோரத்துப் பாஷை தெரியாது. யாரு இந்த ஊரு, யாரு உள்காடுன்னு பிரிக்கத் தெரியாது. அதனால குப்பத்துலேருந்து ஒரு பையனைப் புடிச்சு உக்கார வச்சிருந்தாங்க. பதினேழு வயசு. வர்றவங்களை இவன் பேச விடுவான். கேட்டுட்டு, சரின்னா தலையை ஆட்டுவான். இல்லன்னா ஆட்ட மாட்டான். அவ்வளவுதான் அவன் வேலை. துப்பாக்கி அவன்கிட்ட இல்ல."

காயலிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. தொண்டு நிறுவனத்துக்காரர்கள் நெருங்கி வந்து நின்றார்கள்.

"ஒரு நாள் ஒருத்தர் வந்தாரு. நல்ல உசரம். முடியில மரத்தூள். இந்த ஊருப் பாஷைல ஜெபம் சொல்லுன்னு படைக்காரன் சொன்னான். சொன்னாரு. 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே'ன்னு ஆரம்பிச்சு ஆமென் வரைக்கும் ஒரு எழுத்து பிசகல. பொண்டாட்டி கூடக் கோயிலுக்குப் போயிப் போயிப் பழகியிருப்பாரு. திக்காம சொன்னதைப் பாத்தே படைக்காரன் கயித்தை இறக்கிட்டான். போகச் சொல்லிட்டான். அப்ப அந்தப் பையன்..."

நிறுத்தினான். யூனிஸ் அசையவில்லை.

"அந்தப் பையன் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம். ஜெபம் யாரு வேணா மனப்பாடம் பண்ணலாமேன்னு அவனுக்குத் தோணிச்சு. தனக்கு எவ்வளவு தெரியும்னு படைக்காரனுக்குக் காட்டணும்னு தோணிச்சு. 'அண்ணே, காலைல என்ன சாப்பிட்டீங்க?'ன்னு நம்ம பாஷைல கேட்டான். அதுக்கு ஜெபத்துல பதில் இல்லல்ல? அவரு சொந்தமா பேசினாரு. 'நான் சாப்பிடல. அவளுக்கு மட்டும்தான் இருந்தது'ன்னாரு. 'அவளுக்கு'ங்கிற இடத்துல நாக்கு உள்காட்டுப் பக்கம் போயிருச்சு. பையன் தலையை ஆட்டல."

ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். சிவப்புத் தொப்பிக்காரர் மெல்லக் கைதட்ட ஆரம்பித்தார். கதை முடிந்தது என்று நினைத்திருக்க வேண்டும். மற்றவர்களும் தட்டினார்கள். பாலத்தின் மேல் அந்தச் சத்தம் கேட்டது. இத்தனை வருஷத்தில் நான் கேட்டதிலேயே அசிங்கமான சத்தம் அதுதான்.

சத்தம் அடங்கும்வரை யூனிஸ் காத்திருந்தாள்.

"அந்தப் பையன் யாரு?"

"நான்தான்க்கா."

"எங்க போட்டீங்க?"

அவன் காயல் பக்கம் கையை நீட்டினான். பழைய அரிசிக் கிடங்கின் இடிந்த சுவரைக் காட்டினான். "சுவத்துக்கு அந்தப் பக்கம். சுண்ணாம்புக் குழி. அவரு மட்டும் இல்லக்கா."

தொண்டு நிறுவனத்துக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் அவர்களை விடுதிக்குக் கூட்டிப்போனேன். திரும்பி வந்தபோது யூனிஸ் வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். வில்மட் மட்டும் பீப்பாய்கள் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

"எப்பலேருந்து தெரியும்? அவ புருஷன்தான்னு?" என்று கேட்டேன்.

"முதல் தடவை அக்கா இங்க நின்னு சொன்னாங்கள்ல, அன்னிக்கே. மரத்தூள்னு சொன்னாங்க. அப்பவே ஓடிப்போயிருக்கணும். போகல. சொல்லவும் முடியல. அக்கா படுத்திருந்தப்ப, பதினோரு பேரு முன்னாடி, ஒரே ஒரு தடவை சொல்லிப் பாத்துருவோம்னு வாய் வந்துருச்சு. பேர் மாத்தி, பையனை விட்டுட்டுத்தான் சொன்னேன். அந்த வார்த்தையை மட்டும் விட முடியல வாத்தியாரே."

 சண்டை நடந்தபோது நான் எல்லை ஆற்றுக்கு அந்தப் பக்கம், டபூவில், சித்தப்பா வீட்டில் பத்திரமாக இருந்தவன். அவனுக்குச் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது?

குழியைத் தோண்ட அனுமதி கேட்டு யூனிஸும் நானும் மாவட்ட அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார்.

"அம்மா, இது பெரிய விஷயம். தலைநகரத்துலேருந்து ஆட்கள் வரணும். எலும்பைப் பாக்கத் தெரிஞ்சவங்க வரணும். நாமளா கைவைக்கக் கூடாது."

"எப்ப வருவாங்க?"

"எழுதிப் போடுறேன்."

"இருபத்தோரு வருஷத்துல ஒருத்தரும் வரலையே ஐயா."

"எழுதிப் போடுறேம்மா."

மூன்று வாரம் காத்திருந்தோம். மழை தொடங்கிவிட்டது. காயல் ஏறினால் குழி நீருக்குள் போய்விடும். யூனிஸ் ஒரு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். எங்கள் கோயில் பாதிரியார் வந்தார், நான் போனேன். வில்மட் எங்களுக்கு முன்பே அங்கே வந்து நின்றான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை, போகவும் சொல்லவில்லை. அவன்தான் வெட்டினான். என்னால் அரைமணி நேரத்துக்கு மேல் முடியவில்லை, பாதிரியாருக்கும் வயதாகிவிட்டது.

இடுப்பளவு ஆழத்தில் அவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் வாரத் தொடங்கினான். யூனிஸ் விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் வீட்டுக் கூரைல ஏன்டா ஏறின?" என்று கேட்டாள்.

அவன் நிமிராமலே சொன்னான். "தெரியலக்கா."

"அக்கான்னு சொல்லாதே."

அவன் மறுபடி குனிந்து மண்ணை வாரினான்.

நான்கு மண்டையோடுகள் கிடைத்தன. எலும்புகள் சுண்ணாம்பில் கரைந்தும் கலந்தும் கிடந்தன. ஒரு ரப்பர் செருப்பு, ஒரு பெல்ட் கொக்கி, நீல மணி ஒன்று. உயரமானவனின் தொடை எலும்பு எது என்று நான் குச்சியால் அளந்து பார்த்தேன். இரண்டு ஒரே நீளம். யூனிஸ் ஒவ்வொரு மண்டையோட்டையும் மடியில் வைத்து, மண்ணைத் துடைத்துப் பார்த்தாள். பல்லைப் பார்த்தால் தெரியும் என்று நினைத்திருந்தாளாம். தெரியவில்லை.

"எது அவருன்னு தெரியல" என்றாள் பாதிரியாரிடம். குரல் முதன்முறையாக உடைந்தது. "நாலு பேரையும் நானே புதைக்கிறேன்."

நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே பெட்டி செய்தோம். மன்ரோவியாவிலிருந்து நியோனோ சேற்றுச் சாலையில் இரண்டு நாள் பயணம் செய்து வந்து சேர்ந்தாள். அப்பன் சாயலில் உயரமான பெண். கல்லறை மேட்டில் எல்லோரும் கலைந்த பிறகு, தூரத்தில் தனியாக நின்ற வில்மட்டிடம் அவளே நடந்து போனாள். சேற்றில் தன்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போன மாமா அல்லவா. அடிப்பாளோ என்று நான் பின்னால் போனேன்.

"எங்கப்பா பயந்தாரா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றான். பிறகு தலையை ஆட்டினான். "பயந்தாரு. கால் நடுங்கிச்சு. ஓடல."

அவள் தலையசைத்துவிட்டு அம்மாவிடம் திரும்பிப் போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவில் வில்மட் எழுந்து நின்று, எல்லோர் முன்னிலும் சொன்னான். கேட்டில் எத்தனை நாள் உட்கார்ந்திருந்தான், எதற்குத் தலையாட்டினான், எதற்கு ஆட்டவில்லை, எல்லாம். கோயிலில் யாரும் கத்தவில்லை. வெளியே வரும்போது மட்டும் அரிசி வியாபாரி ஒருவர் அவன் முகத்தில் துப்பினார். அன்று சாயங்காலம் சில பேர் வந்து அவனை அடித்தார்கள். இரண்டு பல் போயிற்று, விலா எலும்பு விரிசல் விட்டது. அவன் போலீசுக்குப் போகவில்லை. போனாலும் இந்தச் சண்டைக் குற்றத்தையெல்லாம் விசாரிக்க எங்கள் ஊரில் கோர்ட்டு ஏது?

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு கிழவர் அவன் வீட்டு வாசலுக்கு வந்தார். கையில் ஒரு மங்கிப்போன போட்டோ. அவருக்குப் பின்னால் ஒரு பெண். மறுநாள் ஏழெட்டுப் பேர். ப்ளீபோவிலிருந்தும் ரப்பர் தோட்டத்திலிருந்தும் பஸ் ஏறி வந்தார்கள். அடிப்பதற்காக யாரும் வரவில்லை, கேட்பதற்காக வந்தார்கள்.

"என் அண்ணன். கொல்லரு. நீலச் சட்டை. ஒரு காலை இழுத்து நடப்பான்."

வீங்கிய முகத்தோடு வில்மட் கண்ணை மூடிக்கொள்வான். "சொல்லு முடியிற இடத்துல கொஞ்சம் இழுப்பாரா?"

"ஆமா. ஆமாய்யா. இழுப்பான்."

"வந்தாரு. அனுப்பிட்டேன்."

"அனுப்பிட்டேன்னா? எந்தப் பக்கம்?"

அதற்கு அவன் பதில் சொல்லியாக வேண்டும். சில பேருக்குப் பாலத்தைக் காட்டினான். உயிரோடு போனவர்கள், பிறகு வேறெங்கோ தொலைந்தவர்கள். பல பேருக்குச் சுவரைக் காட்டினான்; அங்கே நாங்கள் தோண்டாத குழிகள் இன்னும் இருந்தன. முகங்கள் அவனுக்கு ஞாபகமில்லை. குரல்கள் எல்லாம் இருந்தன. ஒவ்வொருவரும் கடைசியாகப் பேசியதை அவர்கள் பேசிய மாதிரியே பேசிக் காட்டினான். வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் அலறினார்கள். சில பேர் இன்னொரு தடவை பேசிக்காட்டச் சொன்னார்கள்.

நான் தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். நாற்பத்து மூன்று பேர். நோட்டு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு பிரதி கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

யூனிஸ் அந்த வாசல் பக்கமே வரவில்லை. ஆனால் ஊர் காட்டும் நடைக்கு மட்டும் திரும்பி வந்தாள்; ஆட்களைத் தனியாகவே கூட்டிப்போனாள். வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்தக் கிழங்கு தொண்டையிலேயே நிற்கிறது வாத்தியாரே, நடந்தால் கொஞ்சம் இறங்குகிறது என்றாள். இதற்குள் பாலத்தில் நடந்தது வெளியே பரவியிருந்தது. முன்னைவிட அதிகம் பேர் வந்தார்கள். செப்டம்பரில் வந்த ஒரு அமெரிக்கச் சபைக்காரர், யூனிஸையும் வில்மட்டையும் பாலத்தின் மேல் கைகோத்து நிற்கவைத்து ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்று என்னிடம் கெஞ்சினார். இதைப் பார்த்தால் உலகத்துக்கே பாடமாக இருக்கும் என்றார். நான் மறுப்பதற்குள் அது யூனிஸின் காதில் விழுந்துவிட்டது.

"ஐயா, நான் ஊரைச் சுத்திக் காட்ட வந்தவ. அதுக்கு வரல" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அக்டோபர் கடைசியில் வில்மட் என் வீட்டுக்கு வந்தான். தோளில் ஒரு பை.

"ரெண்டு வாரமா யாரும் வரல வாத்தியாரே. எல்லாரும் வந்துட்டுப் போயிட்டாங்கன்னு நினைக்கிறேன். கவலா ஆத்தைத் தாண்டிப் போறேன். அந்தப் பக்கம் கோக்கோ தோட்டத்துல வேலை இருக்காம்."

"அங்க பிரெஞ்சுதானே பேசுவாங்க."

"அதான். எனக்குப் புரியாது. நல்லதுதான்."

யூனிஸிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். யோசித்தான். இல்லை என்றான். கையை நீட்டினான். நான் கொடுத்தேன். கொடுத்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

வில்மட் போனதை யூனிஸிடம் சொன்னபோது அவள் நடைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். வாரை இழுத்துப் பூட்டிவிட்டு, "வேற ஆள் பாக்கணும். ரெண்டு பேரு இல்லாம கஷ்டம்" என்றாள். அன்று நானே கூட நடந்தேன். என் தாத்தா வீட்டின் முன் எனக்கு வாடகைச் சிரிப்பு வரவில்லை. வீட்டைக் கட்டிய வருஷத்தை மட்டும் சொன்னேன்.

பாலத்தில் யூனிஸ் முழுக் கதையையும் சொன்னாள். ஜெபத்தையும் கேள்வியையும் சொன்னாள். தலையாட்டாத பையனின் பெயரையும், குழியையும், நான்கு பேரையும் சொன்னாள். கைதட்ட வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டாள். முடிந்ததும் கண்ணாடி போட்ட ஒரு இளம்பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"அவரை நீங்க மன்னிச்சிட்டீங்களாம்மா?"

யூனிஸ் காயலைப் பார்த்தாள். அந்தப் பக்கம் மழை கறுத்து இறங்கிக்கொண்டிருந்தது.

"மழை வருது. குடை இல்லாதவங்க கொஞ்சம் வேகமா நடங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் போனாள். நாங்கள் பின்னால் போனோம்.